மூன்றாம் ஓலை

பெனினப் பத்தியா கேக்கிய? தங்கமான பையன் சார். கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்.

உள்ள வாங்க. வெயில்ல நின்னுக்கிட்டுப் பேசுத காரியமா இது. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும், இதுல இருங்க. மதுரையிலேருந்தா வாறிய? ஏயப்பா, விடியமுன்ன கிளம்பியிருப்பியளே. ஆப்பிள்லாம் எதுக்கு சார், நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கிடக்கேன்.

என் பேரு ஞானசிகாமணி. இந்தக் கிருபாபுரம் சபையில முப்பத்தோரு வருஷம் உபதேசியாரா இருந்தவன். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆவுது, ஆனாலும் மணியடிக்க, ஓலை வாசிக்க இன்னும் என்னையத்தான் கூப்பிடுதாவ. குருவானவருக்கு ஒன்பது ஊரு. இங்க மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. பெனின் வேற யாருமில்ல, என் கூடப்பிறந்த தங்கச்சி ரூபியோட மகன். எதித்தாப்பில பச்சக் கேட்டு போட்ட வீடு தெரியுதுல்லா, அதுதான். எண்ணெய் வாசனை வருதா? உங்களுக்குத்தான் முந்திரிக்கொத்து போடுதா. மொதல்ல எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் அங்க வருவியன்னு அவளுக்குத் தெரியும். இந்த ஊருல யாருக்கு வரன் வந்தாலும் உபதேசியார்ட்ட கேக்காமப் போகமாட்டாவ.

உள்ள தையல் மிஷின் நின்னுட்டு, பாத்தியளா? என் மகதான், எப்சிபா. நூல் அறுந்திருக்கும். அந்த மிஷின் பழசு, அடிக்கடி அப்படி ஆவும்.

பெனினுக்கு இது ரெண்டாம் கல்யாணம்னு சொல்லியிருப்பாவளே? சரி, மறைக்காம சொல்லியிருக்காவ, நல்லது. கோர்ட்டுல எல்லாம் தீந்துட்டு. அந்தப் பிள்ளைக்கு இங்க ஒத்து வரல, அவ்வளவுதான். உங்க மகளுக்கும்... அடடா. எத்தன வயசு? இருபத்தொன்பதா? மாப்பிள்ளை பைக்குல அடிபட்டுப் போயித்தானா? ஆண்டவரே. கைப்பிள்ள வேற இருக்கோ. ஆறு வயசா, பொம்பளப் பிள்ளையா.

நீங்க இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கியளே சார், அது ரொம்பச் சரியான காரியம். நான் விசாரிக்கல. அதனாலதான் என் மக இன்னைக்கி உள்ள மிஷின் மிதிச்சிக்கிட்டு இருக்கா.

சொல்லுதேன். பஸ்ஸு நாலு பத்துக்குத்தான். நேரம் இருக்கு.

உங்க சபையில ஓலை வாசிக்கிறது உண்டா? கிடையாதோ. எங்கள்ல உண்டு சார். ஒரு கல்யாணம் நிச்சயமாயிட்டுன்னா, பொண்ணு ஊர்க் கோயில்லயும் மாப்பிள்ளை ஊர்க் கோயில்லயும் மூணு ஞாயித்துக்கிழமை வாசிக்கணும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாயிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும், இது முதலாம் ஓலை. அடுத்த வாரம் இரண்டாம் ஓலை. அதுக்கடுத்து மூன்றாம் ஓலை. வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் நிறுத்தணும். யாராவது எந்திரிக்காவளான்னு பாக்கணும். எவ்வளவு நேரம்னு எழுதி வைக்கல. எனக்கு முந்தி இருந்த உபதேசியார் பத்து எண்ணுவாராம். நான் மூணு எண்ணுவேன். முப்பத்தோரு வருஷத்தில ஒருத்தரும் எந்திரிச்சதில்ல. ஒருத்தர்கூட.

ஆனா அந்த ஓலையில எனக்கு அப்படியொரு நம்பிக்கை. ஒரு சபையே உக்காந்து கேக்குது. பிறந்ததிலேருந்து அந்தப் பையனப் பாத்த சனம். ஆண்டவர் சந்நிதியில வச்சிக் கேக்காவ. பொய் சொல்லுவாவளா? அப்படித்தான் நான் நெனச்சேன். அதனாலதான் எப்சிக்குத் தோட்டவிளையிலேருந்து மாப்பிள்ளை வந்தப்ப நான் வீடு வீடாப் போயி விசாரிக்கல. பொண்டாட்டி இருந்தா போயிருப்பா. அவ இறந்து அப்ப ரெண்டு வருஷம். ரூபிதான் ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஆக்கிப் போடுதா, இன்னைக்கி வரைக்கும். எம்பாட்டுக்கு நான் நெனச்சேன், ஓலை வாசிப்பாவல்லா, ஏதும் இருந்தா அதுல தெரிஞ்சிரும்னு. எல்லாரும் சிரிப்பாவ, சிரிங்க. ஒரு உபதேசியாருக்கு வரக்கூடிய முட்டாள்தனம்தான் அது.

மாப்பிள்ளை பேரு ஆல்வின். மும்பையில கப்பல் கம்பெனியில வேலை. ஆள் நல்ல உயரம், பேச்சு மரியாதை. அவங்க கோயில்ல மூணு ஓலையும் வாசிச்சாச்சின்னு அங்க உள்ள உபதேசியார் கையெழுத்துப் போட்டுத் தாள் குடுத்தனுப்புனாரு. தடை ஏதும் இல்லைன்னு அதுல எழுதியிருந்தது. அந்தத் தாள இன்னும் வச்சிருக்கேன் சார். அந்தா அந்த அலமாரியில, வேதப்புத்தகத்துக்கு அடியில.

மே மாசம் கல்யாணம். ஜனவரியில என் மக தனியா ரயிலேறி வந்து இறங்குதா. கையில ஒரு பேக்கு. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. என்னம்மான்னேன். குளிச்சிட்டு வந்து சொல்லுதேம்ப்பான்னா.

விஷயம் இதுதான். ஒருநா மத்தியானம் கதவத் தட்டுற சத்தம் கேட்டுத் திறந்திருக்கா. ஒரு பொம்பள, கூடவே பள்ளிக்கூட யூனிபார்ம்ல ஒரு பய, அஞ்சு வயசு இருக்கும். ஆல்வின் சாடை அப்படியே. அந்தப் பொம்பள சண்டை போடல சார். அரைகுறைத் தமிழ்ல பேசியிருக்கா. ரெஜிஸ்டர் கல்யாணம் ஆகி ஆறு வருஷமாம். தாளக் காட்டியிருக்கா. எப்சிக்கு நம்ப முடியல. அதுக்கு அவ சொல்லியிருக்கா, நான் தோட்டவிளைக்கெல்லாம் வந்திருக்கேன், கோயில் பண்டிகையில எல்லாரோடயும் உக்காந்து அசனச் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன், கத்திரிக்காய்க் கூட்டு நல்லாருந்ததுன்னு. எப்சி அவளுக்கும் பயலுக்கும் தண்ணி குடுத்து உக்கார வச்சிட்டு, உள்ள போயி பேக்க எடுத்திருக்கா.

அசனம்னா தெரியும்லா? கோயில் பண்டிகையில ஊரே ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுவாவ. அதுல அவ உக்காந்திருக்கா சார். இடுப்புல பிள்ளைய வச்சிக்கிட்டு. முந்நூறு பேரு பாத்திருக்காவ. அவ இலையில சோறு வச்சவன் இருக்கான், சாம்பார் ஊத்துனவன் இருக்கான். யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டு, ஆல்வின் கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு பேசியிருக்காவ. அதே முந்நூறு பேரு, அதே கோயில்ல, மூணு ஞாயித்துக்கிழமை என் மக பேர வாசிக்கிறதக் கேட்டிருக்காவ. ஒருத்தர் வாயத் திறக்கல. ஒருத்தர்!

எப்சி எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. ஓலை வாசிச்சாங்களாப்பா? வாசிச்சாங்கம்மா. மூணு தடவையா? மூணு தடவ. அதுக்கு மேல கேக்கல.

இப்பக் கோயிலுக்கு வருவா. கடைசி பெஞ்சுல இருப்பா. யாருக்காவது ஓலை வாசிக்க ஆரம்பிச்சா எந்திரிச்சி வெளிய போயிருவா. மணிக்கயிறு தொங்குதுல்லா, அதுகிட்டப் போயி நிப்பா. வாசிச்சி முடிச்சதும் உள்ள வருவா. நான் மேடையிலேருந்து அதப் பாத்துக்கிட்டேதான் வாசிக்கணும். வாசிப்பேன்.

அந்த வருஷம் லெந்து நாட்கள்ல, நோன்பு காலத்தில, நான் தோட்டவிளைக்குப் போனேன். சண்டைக்கு இல்ல. கேக்கணும்னு போனேன். பதினாலு வீடு ஏறுனேன். எல்லா வீட்டுலயும் காப்பி குடுத்தாவ பாத்துக்கிடுங்க. உபசாரத்துக்கு ஒரு குறையும் இல்ல.

ஒருத்தரு சொல்லுதாரு, அது அந்தப் பையனோட சொந்த விஷயம், நாம எதுக்கு. இன்னொரு அம்மா, ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்த நடத்தணும்பாவ, நாங்க ஒரு பொய்யும் சொல்லலையே, சும்மாதான இருந்தோம்னா. காலேஜ்ல பாடம் எடுக்கற ஒருத்தரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டே சொல்லுதாரு, ஐயா, ஒங்க பார்வைக்கு அது பாவம், அந்தப் பையன் பார்வையில அது முறிஞ்சிபோன ஒரு உறவு, அவங்கவங்களுக்கு அவங்கவங்க நியாயம்னு. படிச்ச மனுஷன் சார்! அங்க உள்ள குருவானவரு சின்ன வயசு. அவர்ட்டயும் போனேன். ஐயா, நாம யாரு தீர்ப்புச் சொல்ல, ஆண்டவரே தீர்ப்புச் சொல்லாதீங்கன்னுதான சொன்னாருன்னாரு. ஆண்டவரு எதுக்குச் சொன்னாரு, இவரு எதுக்கு எடுக்காரு பாத்தியளா?

இந்த ஓலைய வாசிச்ச உபதேசியாரு மட்டும் கொஞ்சம் தலையக் குனிஞ்சாரு. அண்ணாச்சி, அது மும்பையில செய்த ரெஜிஸ்டர் கல்யாணம், கோயில்ல நடக்கல, அதனால அது தடையில சேருமா சேராதான்னு எனக்குச் சந்தேகமா இருந்ததுன்னாரு. சந்தேகமாம்! எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் காப்பித் தம்ளர அப்படியே கவுத்தி வச்சிட்டு வந்துட்டேன். ஒரு ஓலைய வாசிக்கிறவனுக்கு இருக்கவேண்டிய பயம் வேண்டாமா?

எங்க அப்பா காலத்தில எல்லாம் பாவம்னா பாவம் சார். அவரு பனையேறி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா பதனீர் விக்கையில மத்தவனுக்கு அளக்குத படியும் தனக்கு வாங்குத படியும் ஒண்ணுதான். இப்ப பாவம்ங்கற வார்த்தையே போயிட்டு. பலவீனம்பான். சூழ்நிலைம்பான். காலம் மாறிட்டும்பான். தனக்கு வாங்க ஒரு படி, ஊருக்கு அளக்க ஒரு படி. விசுவாசிங்க வீட்டுலயே இப்படின்னா உலகத்தான எங்க குத்தம் சொல்ல? நான் இதப் பிரசங்கத்திலயே சொல்லியிருக்கேன், பஸ்ஸுல பக்கத்தில உக்காந்தவங்ககிட்டச் சொல்லியிருக்கேன், பால்காரன்கிட்டச் சொல்லியிருக்கேன். ஒங்ககிட்டயும் சொல்லுதேன்.

மறுபடியும் நின்னுட்டு. என்னம்மா எப்சி, நூலா? ஊசி மாத்துதாளோ என்னவோ.

என்ன கேட்டிய? பெனினோட முதல் சம்சாரமா? அது ஏன் முறிஞ்சிதுன்னா?

அவ பேரு பொன்மலர். கோவில்பட்டிப் பக்கம். நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லல. அவ அப்பா, பேரு எனக்கு இப்ப வாய்க்கு வரல, தீப்பெட்டி ஆபீசுல கணக்கப்பிள்ளையா இருந்தவரு. அவரும் உங்கள மாதிரியேதான் வந்தாரு. நான் இப்ப உக்கார வேண்டாம்னு சொன்னேனே அந்த நாற்காலி, அதுலதான் இருந்தாரு. ரெண்டு பொட்டலம் கடலமிட்டாய் வாங்கிட்டு வந்திருந்தாரு. பையன் எப்படிய்யான்னு கேட்டாரு. தங்கமான பையன்னேன். பொய்யா சார்? படிச்சவன், வேலையில இருக்கான், கோயில் பாடகர் குழுவில அவன் குரல் தனியாத் தெரியும். கோவம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆம்பளப் பிள்ளைக்கு இருக்கறதுதான. கல்யாணம் ஆனா சரியாயிரும்னு ரூபி சொன்னா, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஓலையும் நான்தான் வாசிச்சேன். ஆமா, மூணும் நான்தான். அதுல என்ன? தடைன்னா என்னன்னு புத்தகத்தில இருக்கு சார். ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கணும், இல்ல கிட்டத்து ரத்த உறவா இருக்கணும், வயசு பத்தாம இருக்கணும். கோவம் வரும்ங்கறது தடையில சேராது. ஆல்வின் காரியம் சட்டப்படித் தடை. அது வேற, இது வேற.

பதினாலு மாசம் இருந்தா. பெறகு போயிட்டா. கையில கட்டுப் போட்டிருந்தது. கிணத்தடியில வழுக்கிட்டுன்னு சொன்னாவ. அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. என்னைய நிமிந்தே பாக்கல. நான் கோயில் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன், கும்பிட்டேன்கூட, பாக்காமப் போனாரு. என்ன மனுஷன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு எனக்கு வருத்தமாத்தான் இருந்தது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

என்ன சொல்லியிருப்பேன்னா?

அது... அது வேற சார்.

காப்பி குடிக்கியளா? எப்சி, சாருக்கு... சரி வேண்டாம்.

என்ன கேட்டிய? சத்தமாத்தான் கேளுங்களேன், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

கேட்டுட்டு. கேட்டுட்டு சார்.

பெனின் என் மகளுக்கு முறைப்பையன்தான். ஆமா. தங்கச்சி மகன். எதித்த வீடு. தங்கமான பையன். அப்புறம் ஏன் தோட்டவிளை வரைக்கும் போயி மாப்பிள்ளை பாத்தியங்கிய. நியாயமான கேள்விதான். ஒரு பொண்ணப் பெத்தவரு கேக்கவேண்டிய கேள்வி. பொன்மலரோட அப்பாவுக்குத் தோணல. எனக்கு அப்பக் கல்யாண வயசுல மக இருக்கான்னு அவருக்குத் தெரியாது. எப்சி விடுதியில தங்கிப் படிச்சிக்கிட்டிருந்தா.

ரூபி கேட்டா சார். பொன்மலருக்கு முந்தி எப்சியத்தான் கேட்டா. தாம்பாளத்தில பூவும் பழமும் வச்சி எடுத்துக்கிட்டு வந்து, இந்த எடத்தில நின்னு கேட்டா. நான் சொன்னேன், நெருங்கின சொந்தத்தில கட்டுனா பிள்ளைகளுக்கு நல்லதில்லன்னு டாக்டர்மாரு சொல்லுதாவன்னு. எங்க அம்மாவும் அப்பாவும் மாமன் மகள் அத்தை மகன்தான். நானும் என் பொண்டாட்டியும் அதேதான். ரூபி தாம்பாளத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவளுக்குத் தெரியும் நான் ஏன் வேண்டாம்னேன்னு. எனக்கும் தெரியும் அவளுக்குத் தெரியும்னு. அதோட ரெண்டு பேரும் அதப் பேசல.

மிஷின் ஓடல. பாருங்க, வந்து நிலையில சாஞ்சி நிக்கா. உள்ளேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

போன மாசம் சார், பால்காரன்கிட்ட நான் தோட்டவிளைக் கதையச் சொல்லிக்கிட்டு இருந்தேன். முந்நூறு பேரு, ஒருத்தர் வாயத் திறக்கலன்னு. அவன் போனபெறகு இவ வந்தா. மெதுவாத்தான் கேட்டா. அப்பா, பொன்மலர் அக்காவோட அப்பா இந்தக் கதைய எந்த பஸ்ஸுல, யார்கிட்டச் சொல்லிக்கிட்டு இருப்பாரோன்னா.

எனக்கு வந்துதே கோவம். அதுவும் இதுவும் ஒண்ணாட்டின்னு கத்துனேன். ரெண்டு நாள் இவகூடப் பேசல. அவ சாப்பாடு வச்சா, சாப்பிட்டேன், பேசல. ராத்திரியும் பகலும் எனக்குள்ளயே சொல்லிக்கிட்டேன், அது வேற, இது வேற, அது வேற, இது வேறன்னு. தோட்டவிளை உபதேசியாரும் அதத்தான சார் சொன்னாரு? சந்தேகமா இருந்தது, சேருமா சேராதான்னு. நான் தம்ளரக் கவுத்துனேன்.

இப்ப எப்சி நிக்கா. நீங்களும் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கிய. ஓலை வாசிச்சி முடிச்சாச்சி. யாருக்காவது தெரிஞ்சா சொல்லணும். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? பொன்மலரோட மூன்றாம் ஓலைக்கி நான் மூணு எண்ணல சார். மூணு எண்ணுவேன்னு ஒங்ககிட்டச் சொன்னேம்லா, அன்னைக்கி எண்ணல. ஒண்ணுகூட எண்ணல. ரூபி முன்பெஞ்சுல இருந்தா. கன்னத்தில மஞ்சப் பத்துப் போட்டிருந்தா. வாசிச்ச கையோட, அடுத்து நாம் பாட இருக்கும் பாடல்னு சொல்லிட்டேன். யாரும் எந்திரிச்சிரக் கூடாதேன்னு. யாரு எந்திரிப்பா? அந்தக் கோயில்ல எந்திரிக்க வேண்டிய ஆளு மேடையிலதான நின்னுக்கிட்டு இருந்தான்.

ஒங்க மக பேரு என்ன சார்?

ஷைனி. பேத்தி? அக்சா. நல்ல பேரு.

சார், நீங்க உள்ள வரும்போது ஒரு வார்த்தை சொன்னேன். தங்கமான பையன்னு. அத எனக்குத் திருப்பித் தந்திருங்க. அது பொய்.

அவன் அடிப்பான் சார். குடிச்சிட்டு இல்ல, குடிக்க மாட்டான். நிதானத்திலயே அடிப்பான். பெத்த தாய அடிச்சவன். குழம்புல உப்புக் கூடிட்டுன்னு அடிச்சான். ஒருநாள் ரூபி கன்னம் வீங்கி இங்க ஓடிவந்தா, குளிக்கையில வழுக்கிட்டுண்ணேன்னா. கன்னத்தில அஞ்சு விரலும் தனித்தனியா இருந்தது. நான் அத எண்ணுனேன் சார். எண்ணிட்டு, பாத்து நடக்கக் கூடாதான்னு கேட்டேன். பொன்மலர் கை கிணத்தடியில ஒடியல. அந்தக் கிணத்தில தண்ணி வத்தி ஏழு வருஷம் ஆச்சி, அந்தப் பக்கம் யாரும் போறதில்ல. ஊருக்கே தெரியும். என் மகளுக்கு வேண்டாம்னு சொன்னேன். ஒங்க மகளுக்கும் வேண்டாம். அந்தப் பச்சப் பிள்ளைய அந்த வீட்டுக்குள்ள விட்ராதிய.

இன்னைக்கி ராத்திரி எங்களுக்கு அங்கேருந்து சோறு வராது. அது கிடக்கட்டும். ரூபிக்கு என் முகத்த எப்படிக் காட்டுவேன்னு தெரியல. மகன் மறுபடி ஒரு கல்யாணம் முடிச்சாத் தன்மேல விழுத அடி கொறையும்னு அவ நெனைக்கா சார். அவளும் பாவம்தான். அவளுக்கு நான் ஒருநாளும் நீ இங்க வந்து இரும்மான்னு சொல்லல. அதையும் சொல்லணும். பெறகு கோவில்பட்டிக்குப் போகணும். அந்த மனுஷன் என்னைய உள்ள விடுவாரோ மாட்டாரோ, வாசல்ல நின்னாவது சொல்லணும். அவரு பேரு வாய்க்கு வரலன்னு ஒங்ககிட்டச் சொன்னேன், அதுவும் பொய்தான். எனக்குத் தெரியும். எலியேசர். ஓலையில மூணு வாட்டி வாசிச்சிருக்கேனே, எலியேசர் மகள் பொன்மலர்னு.

எங்க அப்பா ஒரு படிதான் வச்சிருந்தாரு. என் வீட்டுல ரெண்டு இருந்திருக்கு.

எப்சி உள்ள போயிட்டா. மிஷின் சத்தம் கேக்குதா ஒங்களுக்கு? எனக்குக் கேக்கல. காது மந்தம்னாலும் இந்தச் சத்தம் கேக்குது. அழுவுதா சார். மும்பையிலேருந்து வந்த நாள்லேருந்து இன்னைக்கி வரைக்கும் இவ அழுது நான் கேட்டதில்ல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி. நூல் அறுந்துட்டு, நூல் அறுந்துட்டுன்னு நான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

நீங்க எந்திரிங்க சார். பச்சக் கேட்டுப் பக்கம் போகாண்டாம், கோயிலச் சுத்திப் போனா நேரா ரோடு வந்திரும். நாலு பத்து பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறரைக்குத்தான். இந்த ஆப்பிள எடுத்துக்கிட்டுப் போங்க. பேத்திக்குக் குடுங்க.